வினாடியை யார் பேரில் எழுதுவது

யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் பெரும்பாலானவற்றில், ஒரு கட்டளைக்கு முன்னால் ‘டைம்’ என்று சேர்த்து ஓட்டினால் வேலை முடிந்ததும் மூன்று வரிகள் வந்து விழும்: ரியல், யூசர், சிஸ். ரியல் 40 வினாடி, யூசர் 6, சிஸ் 2 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நாற்பதில் எட்டு வினாடிக்குத்தான் அந்த நிரல் பொறுப்பேற்கிறது. மீதி முப்பத்திரண்டு வினாடியும் அது காத்துக் கிடந்திருக்கிறது. வட்டிலிருந்து கோப்பு வரட்டும், வலையில் பதில் வரட்டும் என்று. அந்த நேரத்தில் சிபியு வேறு எதற்காகவோ உழைத்திருக்கும், அல்லது அதுவும் ஓய்ந்திருக்கும்.

நிரல் தன் சொந்தக் கட்டளைகளை ஓட்டிய நேரம் யூசர். கோப்பைத் திற, நினைவகம் கொடு, தரவை அனுப்பு என்று நிரல் கேட்டதற்காகக் இயங்குதளத்தின் மையமான கெர்னல் உழைத்த நேரம் சிஸ். இரண்டையும் கூட்டினால் சிபியு நேரம். இது சில சமயம் கடிகாரத்தையே மிஞ்சும். எட்டு கோர் உள்ள கணினியில் ஒரு பெரிய மென்பொருளை இணையாகக் கம்பைல் செய்தால் ரியல் 30 வினாடியும் யூசர் 200 வினாடியும் வருவது சாதாரணம். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் உழைத்தார்கள். எட்டுப் பேர் உழைப்பும் கூட்டப்பட்டது. கடிகார நேரம் அக்கம்பக்கத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். பக்கத்தில் ஒருவர் பெரிய கோப்பை நகலெடுத்தால் உங்கள் ரியல் வீங்கிவிடும். சிபியு நேரம் அந்த அளவுக்கு ஆடாது. அதனால்தான் ஒரு நிரலின் உழைப்பை அறிய விரும்புகிறவர்கள் அந்த இரண்டு வரிகளைப் பார்க்கிறார்கள்.

நான் பேச வந்தது இந்த எண்ணைக் கைப்பற்றும் வழியைப் பற்றி. கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லுக்காக எழுதிய ஸ்கிரிப்டுக்குள் இருந்துகொண்டே, எந்தக் கணினிக்கு எடுத்துப்போனாலும் உடையாத வகையில், இதைப் பெறுவது எப்படி? மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு வரியில் முடிகிற தொழில்நுட்பக் கேள்வி. நெருங்கிப் போனால், ஒரு வினாடியை யார் பேரில் எழுதுவது என்று கணினியை வடிவமைத்தவர்கள் அறுபது ஆண்டுகளாக எடுத்துவந்த முடிவுகள் ஒவ்வொன்றும் அதற்குள் இருக்கின்றன.

முதலில் இது பணத்தின் கணக்காக இருந்தது. 1961இல் எம்ஐடியில் ஃபெர்னான்டோ கார்பட்டோவும் அவருடன் இருந்தவர்களும் சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம் என்றானதும், யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்ற கேள்வி எழுந்தே தீரும். அந்நாள் கணினிகள் ஒரு துறையின் பட்ஜெட்டையே விழுங்கக்கூடியவை. பயனரின் பேருக்கு நேராக சிபியு வினாடிகள் எழுதப்பட்டன. பல இடங்களில் அவை கட்டணமாக மாறின.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைக் கட்டியபோது, அவர்கள் கையில் இருந்த துடிப்பு மின்கம்பியிலிருந்து வந்தது. அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி. கணினியின் கடிகாரமும் வினாடிக்கு 60 முறை கெர்னலைத் தட்டி எழுப்பியது. 1971 நவம்பரில் வந்த முதல் பதிப்புக் கையேட்டில் நாள், மணிகூட வினாடியின் அறுபதில் ஒரு பங்காகத்தான் எண்ணப்பட்டன. 32 பிட்டுக்குள் அப்படி எண்ணினால் ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டில் எண்ணிக்கை நிரம்பிவிடும். அது கையேடு எழுதியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. நாள்காட்டி நேரத்தைப் பிறகு முழு வினாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஓடும் நிரல்களான ப்ராசஸ்களின் உழைப்பு மட்டும் துடிப்புக் கணக்கிலேயே தொடர்ந்தது. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேடு, இந்த அறுபது வட அமெரிக்காவுக்கு உரியது என்று குறிப்பிட்டே சொல்கிறது. மின்சாரம் 50 சுழற்சியாக உள்ள ஐரோப்பாவிலோ இந்தியாவிலோ அதே எண்ணை அறுபதால் வகுத்தால் விடை பிசகும். ஒரு நிரலின் உழைப்பை அளக்க ஊரின் மின்சாரம் எத்தகையது என்று தெரிந்திருக்க வேண்டியிருந்த காலம் அது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும் வழி வேண்டும் என்ற ஏக்கம் அங்கிருந்தே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய உண்மையைச் சுமக்கக்கூடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1986 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃப் ஸ்டால் என்ற வானியலாளர், ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். அங்கே பயன்பாட்டுக் கட்டணத்தை இரண்டு நிரல்கள் தனித்தனியாகக் கணக்கிட்டுவந்தன. ஒன்று யூனிக்ஸோடு வருவது. இன்னொன்று ஆய்வகத்திலேயே எழுதப்பட்டது. இரண்டுக்கும் 75 சென்ட் வித்தியாசம் வந்தது. பெரிய தொகை துண்டு விழுந்தால் எவரும் தேடுவார்கள். முக்கால் டாலரைத் தேட ஒரு தனிப்பட்ட பிடிவாதம் வேண்டும். ஸ்டாலிடம் அது இருந்தது. ஒன்பது வினாடி கணினி நேரத்தை எவரோ பயன்படுத்தியிருக்கிறார்; கட்டணத்தை அனுப்ப அவருக்கு முகவரி இல்லை. அந்த இழையைப் பிடித்துக்கொண்டு அவர் பல மாதங்கள் தொடர்ந்து போனார். மறுமுனையில், மேற்கு ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் புகுந்து, எடுத்த தகவல்களைச் சோவியத் உளவுத் துறைக்கு விற்றுக்கொண்டிருந்த மார்க்குஸ் ஹெஸ் இருந்தார். ஸ்டால் இதைப் பற்றி எழுதிய ‘தி குக்கூஸ் எக்’ 1989இல் வெளியானது. ஜெர்மன் நீதிமன்றம் 1990இல் ஹெஸ்ஸை உளவுக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும், பொருந்தாவிட்டால் காரணம் இருக்கவேண்டும் என்று ஒருவர் நம்பியதால் அந்தக் கதவு திறந்தது. சிபியு நேரத்தைப் பற்றி அக்கறையோடு பேசுகிறவர்களை அற்ப விஷயத்தில் நேரம் போக்குகிறவர்கள் என்று எவராவது சொன்னால், எனக்கு இந்த ஒன்பது வினாடிதான் நினைவுக்கு வரும்.

அப்படியானால் கெர்னல் எழுதும் கணக்கு எவ்வளவு துல்லியமானது? நெடுங்காலம் அது மாதிரி எடுத்துப் பார்க்கும் முறையாகத்தான் இருந்தது. கடிகாரத் துடிப்பு வரும் அந்தக் கணத்தில் எந்த ப்ராசஸ் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதன் பேரில் துடிப்பு முழுவதையும் எழுதிவிடுவார்கள். மேஸ்திரி மணிக்கு ஒரு முறை வந்து, அப்போது யார் கையில் மண்வெட்டி இருக்கிறதோ அவர் பேரில் ஒரு மணி நேரக் கூலியை எழுதிவிட்டுப் போவது போன்றது இது. நீண்ட நாள் வேலையில் சராசரி சரியாக வந்துவிடும். மிகக் குறுகிய வேலைக்கு விடை சுழியமாகவோ ஒரு முழுத் துடிப்பாகவோ வரும்; நடுவில் எதுவும் கிடையாது. துடிப்பு வருவதற்குச் சற்று முன்னால் தூங்கிவிட்டு, அது போனதும் எழுந்து உழைக்கும் நிரல் ஒன்றை எழுதிவிட்டால், சிபியுவின் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்ளும். கணக்கிலோ எதுவுமே செய்யாததுபோல் தெரியும். டான் ட்ஸாஃப்ரிர், யோவ் எட்சியோன், ட்ரோர் ஃபைட்டல்சன் ஆகிய மூவரும் 2007இல் யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் இதைச் செய்தே காட்டினார்கள். நிர்வாகி உரிமை எதுவும் இல்லாத சாதாரணப் பயனரால் அது முடிந்தது.

அதே 2007இல் வந்த லினக்ஸ் 2.6.23 பதிப்பின் புதிய ஷெட்யூலர், ஒவ்வொரு ப்ராசஸும் சிபியுவில் இருந்த நேரத்தை நானோவினாடிக் கணக்கில் குறிக்கத் தொடங்கியது. இன்று லினக்ஸில் யூசரையும் சிஸ்ஸையும் கூட்டிவரும் தொகை நம்பத்தக்கது. அந்தத் தொகையை இரண்டாகப் பிரிப்பதுதான் பெரும்பாலான அமைப்புகளில் இன்னமும் துடிப்பு விகிதத்தை வைத்து நடக்கிறது. எனவே யூசர் 0.004, சிஸ் 0.003 என்று வருவதைப் பார்த்து, நிரலின் நேரத்தில் பாதியைக் கெர்னல் தின்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம். இரண்டையும் கூட்டிய எண்ணோடு நிற்பதே நேர்மை.

எனக்கு இதைவிட ஆழமாகப் படுவது பெற்றோர்-பிள்ளை ஏற்பாடு. யூனிக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸும் இன்னொரு ப்ராசஸுக்குப் பிறந்தது. கெர்னல் ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்களை வைத்திருக்கிறது: தன் யூசர் நேரம், தன் சிஸ் நேரம், பிள்ளைகளின் யூசர் நேரம், பிள்ளைகளின் சிஸ் நேரம். பிள்ளை பிறக்கும்போது அதன் நான்கு எண்களும் சுழியம். பெற்றோரின் செலவு பிள்ளை தலையில் ஏறாது. பிள்ளை வாழும் காலத்தில் அதன் செலவும் பெற்றோர் கணக்குக்கு வராது. பிள்ளை முடிந்து, பெற்றோர் ‘வெயிட்’ என்ற அழைப்பின் மூலம் அந்த முடிவை ஏற்றுக்கொண்ட பிறகுதான், பிள்ளையின் எண்களும் அது தன் பிள்ளைகளிடமிருந்து ஏற்றுக்கொண்ட எண்களும் சேர்ந்து பெற்றோர் கணக்கில் ஏறும். ஏற்றுக்கொள்ளாத பிள்ளையின் உழைப்பு எவர் பேரிலும் ஏறாமல் போகும்.

ஷெல்லில் வேலை செய்கிறவருக்கு இந்த விதியின் விளைவுகள் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன. ஒரு கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டு, அதற்காகக் காத்திருக்காமல் கணக்குக் கேட்டால் சுழியம்தான் வரும். நடுவில் உள்ள ஒரு ப்ராசஸ் தன் பிள்ளையை விட்டுவிட்டு முந்திப் போய்விட்டால், அந்தப் பேரப்பிள்ளையைப் பொதுவாகக் கணினியின் முதல் ப்ராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும். அதன் உழைப்பு இந்தக் குடும்பத்துக்கு வரவே வராது. டாக்கர் வழியாக ஒரு கன்டெய்னரை ஓட்டி அதை அளந்தால், மணிக்கணக்கில் ஓடிய வேலைக்கும் ஒரு வினாடிக்குக் குறைவாகவே காட்டும். நீங்கள் தட்டிய டாக்கர் கட்டளை வெறும் தூதுவர். கன்டெய்னருக்குள் உழைப்பவை வேறொரு சர்வீஸின் வழியில் பிறந்தவை. தரவுத்தளத்துக்குக் கேள்வி அனுப்பும் கட்டளைக்கும் இதே நிலைதான். அளவுகோல் இங்கே பொய் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகள் எவ்வளவு உழைத்தார்கள் என்ற கேள்விக்கு அது சரியாகவே பதில் சொல்கிறது. உழைத்தவர் உங்கள் பிள்ளையா என்று கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

குழாய் போட்டுக் கட்டளைகளைக் கோர்க்கும்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. கடைசிக் கட்டளைக்காக ஷெல் காத்திருந்தே ஆகவேண்டும் என்கிறது யூனிக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரநிலையான பாசிக்ஸ். முன்னால் உள்ள கட்டளைகளுக்காகவும் காத்திருக்கலாம் என்று அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. பாஷ் என்ற ஷெல் எல்லாவற்றுக்கும் காத்திருக்கிறது. எல்லா ஷெல்லும் அப்படித்தான் என்று எழுதிவைத்தால், என்றோ ஒருநாள் குழாயின் முதல் துண்டு கணக்கிலிருந்து நழுவும்.

இனி கருவிக்கு வருவோம். ‘டைம்’ என்று ஒரே பேரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. பாஷிலும் கார்ன் ஷெல்லிலும் இசட் ஷெல்லிலும் அது ஷெல்லின் இலக்கணத்திலேயே உள்ள சொல். குழாய்த்தொடர் முழுவதையும் அளக்கும். இன்னொன்று வட்டில் தனி நிரலாக இருப்பது; தனக்குப் பின்னால் வரும் ஒற்றைக் கட்டளையை மட்டும் அளக்கும். லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் ‘எஸ்ஹெச்’ என்ற பேரில் இருக்கும் டாஷ் ஷெல்லில் அந்த இலக்கணச் சொல் கிடையாது. எனவே அங்கே ‘டைம்’ என்றால் வட்டில் உள்ள நிரலைத் தேடும். மிகச் சிறிதாகக் கட்டப்பட்ட கன்டெய்னர் இமேஜ்களில் அந்த நிரலை நிறுவியிருக்க மாட்டார்கள். மடிக்கணினியில் பாஷில் சரியாக ஓடிய ஸ்கிரிப்ட், சர்வரில் ‘கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும்.

வெளியீட்டின் வடிவமும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். சி ஷெல் ஒரே வரியில் சுருக்கும். இசட் ஷெல் விழுக்காட்டையும் சேர்த்துத் தரும். பாஷ் நிமிடத்தையும் வினாடியையும் பிரித்துக் காட்டும். ‘மைனஸ் பி’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பாசிக்ஸ் வகுத்த எளிய மூன்று வரி வடிவம் வரவேண்டும். பாஷில் அது வரும். அதே பாஷ் ‘எஸ்ஹெச்’ என்ற பேரில் அழைக்கப்பட்டு பாசிக்ஸ் முறையில் ஓடும்போது, ‘டைம்’ என்பதற்குப் பின்னால் மைனஸ் குறி வந்தால் அதைத் தன் இலக்கணச் சொல்லாக ஏற்காமல் வெளி நிரலைத் தேடப் போய்விடும். நிரல் இல்லாத கணினியில் மறுபடி ‘கிடைக்கவில்லை’. தவிர, ‘டைம்’ தரும் எண்கள் பிழை வெளியீட்டு வழியில் வருவதால், அளக்கப்படும் நிரலின் பிழைச் செய்திகளோடு கலந்துவிடும். பிரித்தெடுக்கச் செய்யும் முயற்சியில் ஸ்கிரிப்ட் அசிங்கமாகிவிடும்.

இவ்வளவு பெரிய சந்தடியில் எவரும் அதிகம் பேசாத கட்டளை ஒன்று இருக்கிறது: ‘டைம்ஸ்’. ஸ்டீவ் பார்ன் எழுதி 1979இல் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லிலேயே அது இருந்தது. 2001 முதல் பாசிக்ஸ் ஷெல் என்று சொல்லிக்கொள்ளும் எதிலும் அது இருந்தாக வேண்டும். ஷெல்லுக்குள்ளேயே உள்ளது, தனியாக நிறுவ எதுவும் இல்லை. விருப்பங்கள் கிடையாது. தட்டினால் இரண்டு வரி வரும். முதல் வரியில் ஷெல்லின் சொந்த யூசர், சிஸ் நேரங்கள். இரண்டாம் வரியில் அதன் பிள்ளைகளின் யூசர், சிஸ் நேரங்கள். கெர்னல் வைத்திருக்கும் அந்த நான்கு எண்கள் அப்படியே. டாஷில் உண்டு, பாஷில் உண்டு, கார்ன் ஷெல்லில் உண்டு, இசட் ஷெல்லில் உண்டு, கையளவு இடத்தில் அடங்கும் பிஸிபாக்ஸிலும் உண்டு. இந்தக் கட்டளை மேல் எனக்குப் பெரிய மரியாதை. அலங்காரம் எதுவும் சேர்க்காமல், கெர்னலுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறது.

அதைப் பயன்படுத்துவதில் ஒரு பொறி உண்டு. கட்டளையின் வெளியீட்டை ஒரு மாறியில் பிடிக்க, டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு எழுதுவது ஷெல்காரர்கள் எல்லாருக்கும் கைப்பழக்கம். ஒரு மணி நேர வேலை முடிந்த பிறகு ‘டைம்ஸ்’ வெளியீட்டை அப்படிப் பிடித்தால், பாஷில் நான்கு எண்களும் 0m0.000s வடிவிலேயே, சுழியமாகவோ அதை ஒட்டியோ வரும். காரணம், அடைப்புக்குறிக்குள் உள்ளதை ஓட்ட பாஷ் புதிதாக ஒரு பிள்ளையைப் பெற்றெடுக்கிறது. பிள்ளையின் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதுதான் விதி. அந்தப் பிள்ளை தன் கணக்கைச் சொல்கிறது. அது உழைக்கவே இல்லை. அதற்குப் பிள்ளைகளும் இல்லை. இரண்டாம் வரியை மட்டும் எடுக்கலாம் என்று ‘டைம்ஸ்’ கட்டளைக்குப் பின்னால் குழாய் போட்டாலும் இதே கதை. பிழைச் செய்தி வராது, ஸ்கிரிப்ட் நிற்காது, எண் மட்டும் தவறாக அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். டேவிட் கார்னின் 1993ஆம் ஆண்டு ஷெல்லோ இந்த இடத்தில் பிள்ளை பெறாமல் தானே வேலையை முடித்துக்கொள்ளும். எனவே அங்கே சரியான எண் வரும். ஒரே வரி, இரண்டு ஷெல், இரண்டு விடை. பெற்றோர்-பிள்ளை விதியை அறியாதவருக்கு இது மாயமாகத் தெரியும். அறிந்தவருக்கு இரண்டு விடைகளுமே நியாயமானவை.

வழி என்ன? ‘டைம்ஸ்’ வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, பிறகு அந்தக் கோப்பைப் படிப்பது. திருப்பிவிடுவதற்குப் பிள்ளை தேவைப்படாது. நடப்பு ஷெல்லே எழுதிவிடும். வேலைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை எழுதி, இரண்டாம் வரிகளின் வித்தியாசத்தை எடுக்கலாம். நான் இதைவிட எளிதாகக் கருதுவது, ‘எஸ்ஹெச்’ என்று புதிய ஷெல் ஒன்றைக் கிளப்பி, அதனிடம் வேலையைக் கொடுத்து, கடைசிக் கட்டளையாக ‘டைம்ஸ்’ கேட்பது. புதிய ஷெல்லின் கணக்கு சுழியத்தில் தொடங்குவதால் கழித்தலே வேண்டாம். பிறவியில் சுழியம் என்று மேலே நம்மைக் கவிழ்த்த அதே விதி இங்கே நமக்காக உழைக்கிறது. வெறும் அடைப்புக்குறி போட்ட உள்-ஷெல் போதாதா என்றால், கார்ன் ஷெல் அங்கேயும் பிள்ளை பெறாமல் சமாளிக்கும். பழைய கணக்கு கூடவே வந்துவிடும். புதிய ‘எஸ்ஹெச்’ என்று வெளிப்படையாகக் கேட்பதுதான் எங்கும் செல்லும். அளவு எண்கள் வேலையின் சொந்த வெளியீட்டோடு கலக்காதிருக்க, ‘டைம்ஸ்’ தருவதை மட்டும் மூன்றாம் எண் வழியில் அனுப்பி, அந்த வழியைக் கோப்பில் முடித்துவிடலாம்.

எண்ணைப் பிரித்துப் படிப்பதில் சில எச்சரிக்கைகள். நிமிடம் தனியாக, வினாடி தனியாக வருவதால், நிமிடத்தை அறுபதால் பெருக்கிக் கூட்டவேண்டும். ஷெல்லின் சொந்தக் கணிதத்தைத் தசமத்துக்கு நம்ப முடியாது. பாசிக்ஸ் அதில் முழு எண்ணுக்குத்தான் உறுதி தருகிறது. ‘ஆக்’ என்ற கட்டளையிடம் ஒப்படைப்பதே வழி. தசம இடங்களும் ஷெல்லுக்கு ஷெல் மாறும்: சிலவற்றில் இரண்டு, பாஷில் மூன்று, அண்மைக்கால டாஷில் ஆறு. இத்தனையாவது எழுத்து என்று எண்ணிப் பிடித்தால் தவறும். இன்னொன்று, ஜெர்மன் போன்ற மொழிகளுக்கு அமைத்த கணினியில் பாஷ் புள்ளிக்குப் பதிலாகக் கமா போடும். ஆக் அந்தக் கமாவில் நின்றுவிட்டு, பின்னால் உள்ளதை விழுங்கிவிடும். ஓட்டுவதற்கு முன் ‘எல்சி ஆல்’ என்ற சூழல் மாறியைச் ‘சி’ என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

மற்ற வழிகள் இருக்கின்றன, சுருக்கமாகவே சொல்கிறேன். ‘பிஎஸ்’ கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் சிபியு நேரத்தைக் காட்டும். பாசிக்ஸ் வடிவம் முழு வினாடிக்குமேல் நுணுக்கம் தராது. லினக்ஸில் ‘ப்ராக்’ கோப்பகத்துக்குள் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு வரி இருக்கிறது. அதில் 14 முதல் 17 வரையிலான இடங்களில் அதே நான்கு எண்கள், வினாடியின் நூறில் ஒரு பங்காக. ப்ராசஸின் பேர் அதே வரியில் அடைப்புக்குறிக்குள் வருகிறது. பேரில் இடைவெளி இருந்தால் இட எண்ணிக்கை பிசகும். மேக்கில் அந்தக் கோப்பகமே கிடையாது. கெர்னலிடம் மைக்ரோவினாடி வடிவில் கேட்கும் ‘கெட்ஆர்யூசேஜ்’ அழைப்பு 1983இல் பெர்க்லி யூனிக்ஸோடு வந்துவிட்டது. அதைத் தொட சி மொழிக்கோ பைத்தானுக்கோ போகவேண்டும். ஷெல்லின் எல்லைக்கு வெளியே.

சரியாக எடுத்துவிட்ட எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இன்றைய சிபியு சூடேறினால் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, குளிர்ந்தால் கூட்டிக்கொள்கிறது. ஒரே கோரில் இரண்டு இழைகள் ஓடும்போது, இரண்டும் ஒன்றின் வாயிலிருந்து மற்றது பிடுங்கித்தான் பிழைக்கின்றன. ஆனால் இரண்டின் பேரிலும் முழு வினாடியே எழுதப்படுகிறது. கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியில், நம் முறை வரும் என்று காத்திருந்த நேரம் எந்த அளவுக்கு நம் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது என்பது அடியில் உள்ள ஏற்பாட்டைப் பொறுத்தது. இரண்டு வேறு கணினிகளில் எடுத்த சிபியு வினாடிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் அதனால்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே கணினியில், ஒரே நாளில், பழைய நிரலையும் புதிய நிரலையும் மாறிமாறி ஓட்டி ஒப்பிடலாம். அதற்கு ‘டைம்ஸ்’ தாராளமாகப் போதும்.

எல்லாக் கணினியிலும் ஓடுகிறபடி எழுதுவது வீண்வேலை, எங்கள் சர்வர்கள் எல்லாம் ஒரே ரகம்தான் என்று சொல்கிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியவரைவிட அதிக நாள் அந்த நிறுவனத்தில் இருக்கும். டெபியனை விட்டு ஆல்பைன் லினக்ஸுக்கும், பெரிய சர்வரை விட்டுச் சின்ன கன்டெய்னருக்கும் அது கூடவே போகும். உபுண்டு 2006இல் தன் ‘எஸ்ஹெச்’ஐ பாஷிலிருந்து டாஷுக்கு மாற்றியபோது, அதுவரை ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்டுகள் பல இடங்களில் உடைந்தன. எழுதியவர்கள் பாஷ் வழக்கத்தைப் பொது வழக்கம் என்று எண்ணியிருந்தார்கள்.

சிபியு நேரத்தை அறிக்கையில் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யூசரையும் சிஸ்ஸையும் கூட்டி ஒரே எண்ணாகக் கொடுங்கள். இரண்டு தசம இடத்தோடு நிறுத்துங்கள். எந்த ஷெல், எந்தக் கெர்னல், எத்தனை கோர், பின்னணியில் சர்வீஸ் எதுவும் உழைத்ததா என்பதைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அந்த எண்ணை எடுத்த ஸ்கிரிப்டையும் அறிக்கையோடு இணையுங்கள்; படிக்கிறவர் அதைத் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கட்டும்.